சளியோடு டர்பனில் இறங்கிய கதை

போன வருஷம் ஆடி மாதம் சளியோடு விமானம் ஏறி அவதிப்பட்டேன். அப்போதே எழுதி வைக்க நினைத்தேன். நெற்றியைத் தொட்டாலே உயிர் போன அந்த வாரங்களில் கம்ப்யூட்டர் பக்கம் போகவே பிடிக்கவில்லை, அப்படியே தள்ளிப் போய்விட்டது. போன வாரம் ஆபீசில் ஒரு தம்பி "மூக்கடைப்புதான் அக்கா, ஒரு மணி நேர ஃபிளைட்தானே" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். அவனை உட்கார வைத்துச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் திருச்சிக்காரி. தென்னாப்பிரிக்காவில், ஜோஹானஸ்பர்க்கில் ஆறு வருஷமாக ஆடிட் வேலை, மிட்ராண்டில் வாடகை வீடு. மாதத்துக்கு ஒரு தடவையாவது வேலையாக டர்பன் போவேன். அங்கே சாட்ஸ்வொர்த்தில் என்கூட வேலை பார்க்கும் பெண்ணின் அம்மா இருக்கிறார், எல்லோருக்கும் அவர் ஆயா. நாலு தலைமுறைக்கு முன்னால் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். ஆயா பேசும் தமிழில் பாதி இங்கிலீஷ் இருக்கும், ஆனால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதில் ஒரு குறை இருக்காது. டர்பனில் ஆடி வந்தால் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏதாவது ஒரு கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். கேழ்வரகு கிடையாது, மக்காச்சோள மாவுதான். போன வருஷம் அதற்காகவே வேலையைத் திங்கள், செவ்வாய் என்று வைத்துக்கொண்டு ஞாயிறு காலை ஃபிளைட் போட்டிருந்தேன்.

புதன்கிழமையே சளி பிடித்துவிட்டது. ஜோஹானஸ்பர்க்கின் ஜூலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மழை என்ற பேச்சே இருக்காது. விடிகாலையில் புல்லெல்லாம் உறைபனி, பகலில் வெயில், காற்று அப்பளம் மாதிரி காய்ந்து கிடக்கும். மூக்குக்குள் தோல் வெடித்து, அதன்மேல் சளியும் சேர்ந்துகொண்டது. சனிக்கிழமை இடது மூக்கு முழுக்க அடைத்திருந்தது. டிக்கெட்டைத் தள்ளி வைக்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. நான் வாங்கியிருந்தது மலிவு டிக்கெட், தேதி மாற்ற 600 ராண்டுக்கு மேல் ஆகும். அதைவிடப் பெரிய காரணம், அதற்கு முந்தைய வருஷம் இதைவிட மோசமான சளியோடு டர்பனிலிருந்து ஜோஹானஸ்பர்க் வந்திருந்தேன், ஒன்றுமே ஆகவில்லை. அதனால் எனக்கு இதெல்லாம் ஒத்துக்கொள்ளும் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். அந்தத் தைரியம்தான் என்னைக் கவிழ்த்தது. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

கௌட்ரெயின் என்கிற ரயிலில் ஏறி, மார்ல்போரோ ஸ்டேஷனில் மாறி ஏர்போர்ட் போனேன். விமானம் ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை, மேலே பறக்கும்போதும் இல்லை. ஒரு பாட்டில் தண்ணீர் குடித்து முடித்து, மூடியை இறுக்கி முன் சீட்டுப் பையில் செருகினேன். ஒரு மணி நேரப் பயணத்தில் பாதி தாண்டியதும் இறங்கத் தொடங்கிவிடுவார்கள். சீட் பெல்ட் விளக்கு எரிந்து அஞ்சு நிமிஷம் இருக்கும், இடது புருவத்துக்கு மேல் லேசாக ஒரு கனம். பிறகு சுருக்கென்று ஒரு வலி. அடுத்த பத்து நிமிஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உள்ளே யாரோ கையை விட்டு நெற்றித் தோலைப் பற்றி உள்பக்கமாக இழுக்கிற மாதிரி இருந்தது. இடது கண்ணிலிருந்து தண்ணீர் தானாகக் கொட்டியது. மூளையில் ரத்தக் குழாய் வெடிக்கப் போகிறது, திருச்சியில் அம்மாவுக்கு யார் சொல்வார்கள் என்றெல்லாம் ஓடியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முன் சீட்டில் தலையை முட்டி வைத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் காதில் ஹெட்போனோடு தூங்கிக்கொண்டிருந்தார்.

அப்போது நான் செய்ததெல்லாம் தப்பு. காது அடைத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதுவோமே, அதைச் செய்தேன். ஒரு தடவைக்கு நாலு தடவை, பலம் கொண்ட மட்டும். வலி இரண்டு மடங்காயிற்று. பணிப்பெண்ணைக் கூப்பிட்டேன், பாவம், ஒரு மிட்டாயும் தண்ணீரும் கொடுத்து விழுங்கிக்கொண்டே இருக்கச் சொன்னாள். இரண்டும் காதுக்கு நல்ல வைத்தியம். காதுக்கும் தொண்டைக்கும் இடையே இருக்கிற குழாய் எச்சில் விழுங்கும்போது, கொட்டாவி விடும்போது திறக்கும். சைனஸ் என்பது நெற்றி, கன்ன எலும்புக்குள் இருக்கிற காற்றறை, அதன் வாசலுக்கு அப்படித் திறந்து மூடுகிற தசை எதுவும் கிடையாது. சவ்வு வீங்கி அடைத்துக்கொண்டால் எத்தனை மிட்டாய் சப்பினாலும் அது அசையாது. வலி காதிலா, நெற்றியிலும் கன்னத்திலுமா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். எனக்கு அன்றைக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

தரை தொட்டபோது சன்னல் பக்கம் கடல் மின்னியது, எனக்கு அதையெல்லாம் பார்க்கத் தெம்பில்லை. மூக்கைச் சிந்தினேன், டிஷ்யூவில் ரத்தம். அதிகமில்லை, சளியோடு கலந்து ஒரு ஸ்பூன் அளவு. அந்த டிஷ்யூவைப் போட இடம் தேடி முன் சீட்டுப் பைக்குள் கை விட்டால் காலிப் பாட்டில் அகப்பட்டது. இரண்டு பக்கமும் ஒட்டிப்போய், யாரோ கையால் நசுக்கி வைத்த மாதிரி இருந்தது. நான் நசுக்கவில்லை. மேலே மூடியபோது உள்ளே மாட்டிய மெல்லிய காற்றைக் கீழே இருந்த கனத்த காற்று அமுக்கியிருக்கிறது. மூடியைத் திருகினேன், புஸ்ஸென்று காற்று உள்ளே போய் பாட்டில் நிமிர்ந்துகொண்டது. என் நெற்றிக்கு அப்படித் திருக மூடி இல்லை.

ஆயா வாசலிலேயே கண்டுபிடித்துவிட்டார். "என்னா மா, மூஞ்சி இப்படி இருக்கு? ஒக்காரு, ஒக்காரு." கோயிலுக்குப் போக முடியவில்லை. ரசத்தை அவர்கள் பெப்பர் வாட்டர் என்பார்கள், ஒரு கப் சுடச்சுடக் கொடுத்தார். பின்பக்கத்து யூகலிப்டஸ் மரத்திலிருந்து கை நிறைய இலை பறித்துப் போட்டு வேது பிடிக்க வைத்தார். திருச்சியில் அம்மா நொச்சி போடுவாள், இங்கே இது. அடைப்பு கொஞ்சம் இளகியது, நெற்றி வலி போகவில்லை. ராத்திரி மேல்வரிசைப் பல்லும் வலிக்க ஆரம்பித்தது. பல்லில் ஏதோ சொத்தை என்று நினைத்தேன். கன்னத்து சைனஸின் அடித்தளமும் மேல் பற்களின் வேரும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் அப்படித் தெரியும் என்று அடுத்த நாள்தான் தெரிந்தது. இப்படிப் பல் டாக்டரிடம் போய் நல்ல பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை ஆயாவின் குடும்ப டாக்டர். தமிழ் வம்சாவளிதான், வணக்கம், சாப்பிட்டாச்சா அளவுக்குத் தமிழ். இடது புருவத்துக்கு மேலே கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்தினார், நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். "டைவிங் போனீர்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு நீச்சலே தெரியாது. டர்பனுக்குத் தெற்கே உம்கோமாஸ் பக்கம் அலிவால் ஷோல் என்று கடலுக்குள் ஒரு பாறைத் திட்டு இருக்கிறது, சுறா பார்க்க உலகம் முழுக்க இருந்து வந்து மூழ்குவார்கள். சளியோடு மூழ்கிவிட்டு இதே வலியோடு வருவார்களாம். இதை ஸ்குவீஸ் என்றார். நெற்றி எலும்புக்குள் இருக்கிற காற்றறைக்கு மூக்குக்குள் ஒரு சின்ன வழி உண்டு. சளியில் அது அடைத்துக்கொள்கிறது. விமானம் ஏறும்போது உள்காற்று விரிந்து எப்படியோ தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும். இறங்கும்போது வெளியில் அழுத்தம் கூடுகிறது, உள்ளே புதுக் காற்று போக வழியில்லை. பாட்டிலாக இருந்தால் நசுங்கும். எலும்பு நசுங்காதே. அதனால் உள்ளே ஒட்டியிருக்கிற சவ்வு இழுபட்டு வீங்குகிறது, நீரும் ரத்தமும் கசிந்து அந்த இடத்தை நிரப்புகிறது. யாரோ தோலை உள்ளே இழுக்கிற மாதிரி எனக்குத் தோன்றியது பிரமை இல்லை.

அப்படியானால் முந்தின வருஷம் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டேன். "அப்போது எங்கே இறங்கினீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார். இதைத்தான் யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். விமானம் 35,000 அடியில் பறந்தாலும் கேபினுக்குள் அழுத்தத்தை 8,000 அடி மலை மேல் இருக்கிற அளவுக்குக் கீழே போகாமல் வைத்திருப்பார்கள். ஜோஹானஸ்பர்க் ஏர்போர்ட்டே கிட்டத்தட்ட 5,560 அடி உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 7,300 அடி என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே ஜோஹானஸ்பர்க்கில் இறங்கும்போது கேபினுக்குள் கொஞ்ச தூரம்தான் இறங்குகிறோம். டர்பன் ஏர்போர்ட் கடலை ஒட்டி 300 அடியில் இருக்கிறது. அங்கே இறங்கினால் மிச்சம் முழுவதையும் அரை மணி நேரத்துக்குள் இறங்குகிறோம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 100 என்று வைத்துக்கொண்டால் 8,000 அடியில் 75, ஜோஹானஸ்பர்க்கில் 80 சொச்சம். அதே சளி, அதே மூக்கு, அதே ஒரு மணி நேரப் பயணம். ஒரு திசையில் ஒன்றும் தெரியாது, மறு திசையில் உயிர் போகும். ஒரு தடவை ஆகவில்லை என்பதை வைத்து அடுத்த தடவையைக் கணக்குப் போடாதீர்கள். எந்த ஊரில் இறங்குகிறோம் என்பதையும் பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை திரும்ப ஃபிளைட். உயரத்தில் இறங்குவதுதானே, போகலாமா என்று கேட்டுப் பார்த்தேன். உள்ளே ஏற்கெனவே காயம், ஏறும்போதே காற்று மாட்டிக்கொள்ளலாம், வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1,380 ராண்டு டிக்கெட் போயிற்று. வேலையைப் பாதியில் விட்டு இரண்டு நாள் லீவு போட்டு ஆயா வீட்டில் படுத்திருந்து, வியாழன் காலை பஸ் ஏறினேன். 480 ராண்டு, 570 கிலோமீட்டர், நிறுத்தங்களோடு எட்டு மணி நேரம். வான் ரீனன் கணவாய் ஏறும்போது நெற்றியில் பொக் பொக்கென்று இரண்டு சின்னச் சத்தம், வலியில்லை. மெதுவாக ஏறுவதால் காற்று வழி கண்டுபிடித்து வெளியே வர நேரம் கிடைக்கிறது.

வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகியும் குனிந்தால் வலி. என்னிடம் இருந்த மெடிக்கல் எய்டு, அதாவது மருத்துவக் காப்பீடு, ஆஸ்பத்திரியில் படுத்தால் மட்டும் கொடுக்கிற பிளான். வெளியே பார்க்கிற டாக்டர், ஸ்கேன் எல்லாம் என் கையிலிருந்துதான். டர்பன் டாக்டருக்கு 550, மாத்திரைகள் 620, இங்கே காது மூக்கு தொண்டை நிபுணருக்கு 1,600, சிடி ஸ்கேன் 3,900. டிக்கெட், பஸ் எல்லாம் சேர்த்து 8,530 ராண்டு, நம்மூர்ப் பணத்தில் 40,000 ரூபாய் வரும். 600 ராண்டு மிச்சம் பிடித்த லட்சணம் இது. அம்மாவிடம் இன்று வரை தொகையைச் சொல்லவில்லை.

ஸ்கேனில் மூக்கு நடுத்தண்டு கொஞ்சம் வளைந்திருப்பதும், இடது நெற்றி சைனஸின் வழி இயல்பிலேயே குறுகல் என்பதும் தெரிந்தது. ஆபரேஷன் இப்போது வேண்டாம், ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே ஆறு வாரம் அடித்துக்கொண்டு வா, அடுத்த தடவையும் இப்படி ஆனால் பார்க்கலாம் என்றார் அந்த நிபுணர் அம்மா. இந்த ஸ்பிரேயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏர்போர்ட்டில் உட்கார்ந்து அடித்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை, வேலை செய்யவே பல நாள் ஆகும். அடிக்கடி சைனஸ் தொல்லை இருப்பவர்கள் பயணத்துக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே தொடங்க வேண்டும். உடனே மூக்கைத் திறக்கிற ஸ்பிரே வேறு, ஆக்ஸிமெட்டாசோலின் என்று போட்டிருக்கும். ஊரில் ஓட்ரிவின் என்று வாங்குவோமே, அந்த வகை. இரண்டையும் நான் ஒன்று என்று நினைத்திருந்தேன்.

உடனே திறக்கிற ஸ்பிரேயை எப்படி அடிப்பது என்பதையும் அந்த அம்மா சொல்லிக் கொடுத்தார். ஒரு தடவை அடித்துவிட்டு அஞ்சு பத்து நிமிஷம் காத்திருந்து மறுபடி அடிக்க வேண்டும். முதல் தடவை முன்பக்க வீக்கத்தை வடிக்கும், இரண்டாவதுதான் மேலே சைனஸ் வாசல் வரை போகும். நீண்ட பயணத்தில் விமானம் இறங்கத் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்னால், அதாவது தரை தொடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அடிக்கலாம். டர்பன் மாதிரி குட்டிப் பயணத்தில் அதற்கு நேரமில்லை, விமானம் ஏறுவதற்கு முன் கேட் பக்கத்தில் உட்கார்ந்தே முடித்துவிடுவேன். ஒரு தடவை அடித்தால் பல மணி நேரம் நிற்கும். ஆனால் சுகமாக இருக்கிறது என்று மூன்று நாளுக்கு மேல் தொடர்ந்து அடித்தால், நிறுத்தும்போது மூக்கு முன்னைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும். சூடோஎஃபெட்ரின் மாத்திரையும் உண்டு, பயணத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போடுவது. இந்த ஊர் கெமிஸ்டில் கவுண்டருக்குப் பின்னால்தான் வைத்திருப்பார்கள், பெயரை எழுதிக்கொண்டு கொடுப்பார்கள். எனக்கு அதைப் போட்டால் நெஞ்சு படபடக்கும், ராத்திரி தூக்கம் வராது. ரத்த அழுத்தம், இதய நோய், கண் அழுத்தம், தைராய்டு இருப்பவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. உப்புத் தண்ணீரால் மூக்கு கழுவுவது எல்லோருக்கும் ஆகும், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீராக இருக்க வேண்டும்.

எல்லாம் செய்தும் நடுவானில் வலி வந்துவிட்டால்? பலமாக ஊதாதீர்கள், பலமாகச் சிந்தாதீர்கள். ஸ்பிரே கையில் இருந்தால் அப்போதாவது அடியுங்கள், தாமதமானாலும் கொஞ்சம் கேட்கும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணி கேட்டு வாங்கி நெற்றியிலும் கன்னத்திலும் வையுங்கள். நிமிர்ந்து உட்காருங்கள். இறங்கும்போது தூங்கக் கூடாது, தூக்கத்தில் விழுங்குவது குறைவதால் காதும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். இறங்கிய பிறகு பார்வை மங்கினாலோ, கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கழுத்து விறைத்தாலோ என்னை மாதிரி ராத்திரி முழுக்க வேது பிடித்துக்கொண்டு இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

டிசம்பரில் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. வளைகுடா வழியாகப் போனால் கடல் மட்டத்தில் ஒரு தடவை, சென்னையில் இன்னொரு தடவை, ஆக இரண்டு முழு இறக்கம். வரைபடத்தை விரித்து வைத்து அரை மணி நேரம் பார்த்துவிட்டு அடிஸ் அபாபா வழியாக டிக்கெட் போட்டேன். அந்த ஏர்போர்ட் 7,600 அடி, கேபினுக்குள் கிட்டத்தட்ட இறங்கவே வேண்டாம். உண்மையாகவே அங்கே தரை தொட்டது காதுக்குக்கூடத் தெரியவில்லை. சென்னை இறக்கம் ஒன்றுதான் பயம். ஸ்பிரே, மாத்திரை எல்லாம் முடித்து, புருவத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு கடைசி அரை மணி நேரம் மூச்சுகூட அளந்து விட்டேன். லேசான ஒரு கனம், அவ்வளவுதான். பக்கத்து சீட்டு அண்ணன் "தலைவலியாம்மா, தைலம் தரட்டுமா" என்று இரண்டு தடவை கேட்டார்.

இந்த வருஷம் ஆடியில் மறுபடியும் சரியாக அதே வாரம் சளி. இந்தத் தடவை யோசிக்கவே இல்லை, டிக்கெட்டை அடுத்த வாரத்துக்கு மாற்றிப் பணத்தைக் கட்டினேன். அடுத்த வாரமும் மூக்கு திறந்தபாடில்லை. சரி என்று ஞாயிறு காலை பஸ் ஏறிவிட்டேன். கணவாய் இறங்கும்போது கொஞ்சம் அமுக்கியது, எஸ்ட்கோர்ட் வருவதற்குள் விட்டுவிட்டது. ஆயா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது, கோயிலில் கூழ் எல்லாம் தீர்ந்து அண்டாவைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். ஆயா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிரிட்ஜைத் திறந்து ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தார். மூடி மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி என் பெயர் எழுதியிருந்தது. "ரெண்டு லிட்டர் இருக்கு மா, மிச்சம் வெக்காதே."